ஆயாவுக்கு இருமல்

வடக்கனந்தல் கடைத்தெருவில் என் ஜெராக்ஸ் கடைக்கு நேர் எதிரே டாக்டர் இளஞ்செழியனின் கிளினிக் இருக்கிறது. அங்கே வருகிறவர்களில் பாதிப் பேருக்கு டாக்டரின் பெயர் தெரியாது. கம்பவுண்டர் சுப்புராயனைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. டாக்டரிடம் உடம்பைக் காட்டுவது ஒரு மரியாதைக்கு, மருந்து வாங்குவது கம்பவுண்டரிடம் என்பதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். சாதாரணச் சளி, இருமல் என்றால் அந்த மரியாதையும் கிடையாது. நேரே கம்பவுண்டர் நிற்கிற மரத் தடுப்புக்கு வந்து, "ஒரு பாட்டில் கலந்து குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். உள்ளே உட்கார்ந்திருக்கும் டாக்டர் இதற்காக வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

சுப்புராயனுக்கு ஐம்பத்தெட்டு வயது. சொந்த ஊர் எலவனாசூர்கோட்டை. நெல் போடுகிற குடும்பத்தில் நான்காவது பிள்ளை. பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டதும் நிலத்தில் இறங்கச் சொன்னார் அப்பா. இவருக்குச் சேற்றில் கால் வைத்தாலே அரிப்பு. பத்தொன்பது வயதில் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு இங்கே வந்து, இப்போதைய டாக்டரின் அப்பாவிடம் பாட்டில் கழுவச் சேர்ந்தார். கழுவிக்கொண்டே பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் அவருடைய படிப்பு. பெரிய டாக்டர் காலமாகி மகன் வந்தார். கிளினிக்குக்கு டைல்ஸ் போட்டார், ஏசி வைத்தார், கண்ணாடிக் கதவு மாட்டினார். தடுப்புக்குப் பின்னால் கிடந்த மர மேசையும், அதன் முன்னால் நின்று மருந்து கலக்கும் சுப்புராயனும் மட்டும் அப்படியே இருந்தார்கள்.

கலப்பதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. மேசை மேல் மூன்று பெரிய பாட்டில்கள் இருக்கும். ஒன்றில் இருமலை அடக்குகிற சிரப். இன்னொன்றில் தும்மலுக்கும் மூக்கொழுகலுக்குமானது. அது தூக்கத்தையும் கொண்டு வரும். மூன்றாவதில் மூக்கடைப்புக்கும் காய்ச்சலுக்குமானது. மூன்றிலிருந்தும் அளந்து ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றிக் குலுக்கினால் அதுதான் ஊருக்கே தெரிந்த சளி மருந்து. பாட்டிலில் பெயர் எழுதியிருக்காது. அதற்குப் பதில் பக்கவாட்டில் ஒரு வெள்ளைத்தாள் பட்டையை ஒட்டியிருப்பார். பட்டையின் ஓரத்தைக் கத்தரியால் பல் பல்லாக வெட்டியிருக்கும். ஒரு பல் இறங்குகிற அளவுக்கு டம்ளரில் ஊற்றினால் ஒரு வேளை மருந்து. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் இது புரியும். மற்ற ஊர்களில் இந்தப் பழக்கம் ஒழிந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இவர் விடவில்லை.

அந்தப் பட்டைகளை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தவன் நான்தான். பெரியவர்களுக்கு ஒரு தாள், சிறுவர்களுக்குப் பல் நெருக்கமாக ஒரு தாள். "கோடு கோணலா வருது வெங்கடேசு, மெஷினைத் தொடச்சி வையி" என்று என்னைத் திட்டாமல் அவர் ஒரு வாரம்கூட இருந்ததில்லை. முப்பத்தொன்பது வருடத்தில் ஒரு சொட்டு மருந்து கீழே சிந்தியதில்லை என்பது அவருடைய பெருமை. எதிரில் இருப்பவன் கேட்டானோ கேட்கவில்லையோ, சொல்லிவிடுவார்.

அவருடைய ஒரே மகள் செந்தமிழ்ச்செல்வி பார்மசி படித்துவிட்டுச் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஊருக்கு வந்தபோது அப்பாவை உட்காரவைத்துப் பேசினாள். நாலு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த மாதிரிக் கூட்டு மருந்து கொடுக்கக் கூடாது என்று உத்தரவே வந்துவிட்டது, நீ இன்னும் கலந்துகொண்டிருக்கிறாயே என்று கேட்டாள். அவருக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் என் கடைக்கு வந்து, "சிறுசு தாளு இனிமே அடிக்காத" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து கைக்குழந்தையோடு வருகிற தாய்மார்களிடம், "புள்ளைக்கு இந்த மருந்து கெடையாதும்மா. உள்ள போயி டாக்டர்கிட்ட காட்டு" என்று சொல்ல ஆரம்பித்தார். அவர்கள் சண்டை போட்டார்கள். என் மூத்த பிள்ளைக்குக் கொடுத்தாயே, இளையதுக்கு ஏன் கொடுக்க மாட்டேன் என்கிறாய் என்று கேட்டார்கள். அவர் அசையவில்லை. இந்த விஷயத்தில் எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. படித்தவன் திருந்துவதைவிட, அனுபவம் இருக்கிறது என்று நினைக்கிறவன் திருந்துவது கஷ்டம்.

போன மழைக்காலத்தில் டிவியைப் போட்டாலே இருமல் மருந்துச் செய்திதான். வடக்கே எங்கோ மருந்து குடித்த பிள்ளைகள் செத்துப்போனார்கள் என்று பார்த்ததும் எங்கள் ஜனங்கள் மெடிக்கல் ஷாப்பில் சீல் வைத்த பாட்டிலைத் தொடவே பயந்தார்கள். பயந்தவர்கள் நேரே சுப்புராயனிடம் வந்தார்கள். கம்பெனி மருந்தில் என்ன இருக்குமோ தெரியாது, கம்பவுண்டர் கண்ணெதிரே கலந்து கொடுக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். கிளினிக் வாசலில் அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை.

"உங்க மேசை மேல இருக்கறதும் கம்பெனி பாட்டில்தானுங்களே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்குத் தெரியுது. அவங்களுக்குத் தெரியலியே" என்றார். கொஞ்ச நேரம் கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, "பாட்டில் மேல இருக்கற நம்பரப் பாக்கறேன், தேதியப் பாக்கறேன். உள்ள இன்னா கீதுன்னு நான் எங்க போயி பாக்கறது?" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு கலக்கத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை.

ஐப்பசி மாதம், ஒரு திங்கட்கிழமை. காலை பத்து மணி இருக்கும். பட்டைத் தாள்களைக் கொடுப்பதற்காக நான் கிளினிக்குக்குப் போயிருந்தேன். தடுப்புக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு ஷாலினி முன்னால் வந்தாள். காலனியில் இருக்கும் மாயவனின் மருமகள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். அவளும் புருஷன் கலையரசனும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். அந்த வாரம் கல்வராயன் மலையில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போயிருந்தார்கள். அங்கேயே கொட்டகையில் தங்கி வேலை. மருந்து வாங்குவதற்காக அவள் மட்டும் முதல் பஸ்ஸில் இறங்கி வந்திருந்தாள்.

"ஆயாவுக்கு ரெண்டு நாளா ஒரே இருமலுங்க. சளி கட்டிக்கினு இழுக்குது. மருந்து கலந்து குடுங்க" என்றாள்.

"கூட இட்டாரலயா?" என்று கேட்டார் சுப்புராயன். கை அதற்குள் பாட்டிலை எடுத்துவிட்டது.

"மலையில கீதுங்க. பஸ்ஸுல குளுர் காத்து அடிக்குமேன்னு வுட்டுட்டு வந்தேன்."

"சோறு திங்குதா?"

"எங்கங்க. கஞ்சிதான். பல்லு நாலுதான கீது."

"நடமாட்டம்?"

"செவுத்தப் புடிச்சிக்கினு நடக்கும். ரெண்டு நாளா அதுவும் இல்ல, படுத்தே கெடக்குது."

"சுகரு, பிரஷரு ஏதாவது?"

ஷாலினி சிரித்துவிட்டாள். "ஆயாவுக்கு அதெல்லாம் ஏதுங்க?"

"குடுத்துவெச்ச ஒடம்பு" என்று சுப்புராயனும் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் மூன்று சிரப்பையும் ஊற்றிக் குலுக்கி, நான் கொண்டுபோன தாளிலிருந்தே ஒரு பட்டையை வெட்டி ஒட்டினார். "ஒரு பல்லு, மூணு வேளை."

"துப்பிட்டா இன்னாங்க பண்றது? மருந்துன்னாலே அடம் புடிக்கும்."

"ஆயான்னா அடம் புடிக்காம இருக்குமா? கொஞ்சம் அதட்டி, மறுபடியும் குடு."

அவள் பாட்டிலை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். கேட்க வேண்டியது எல்லாம் கேட்டாகிவிட்டது. வயசு என்ன என்று ஒரு வார்த்தை மட்டும் அவரும் கேட்கவில்லை, பக்கத்தில் நின்ற எனக்கும் தோன்றவில்லை.

மதியம் இரண்டரை மணிக்கு மாயவன் வந்தார். முழங்கால் வலிக்கு எப்போதும் பூசுகிற தைலம் வேண்டும் என்றார். கூட்டம் குறைந்திருந்தது. மீதித் தாள்களைக் கொடுக்க நானும் அங்கே போயிருந்தேன். சுப்புராயன் தைலத்தை ஊற்றிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"காலையில உன் மருமவ வந்துச்சு. உங்க வூட்டு ஆயாவுக்கு இப்ப எப்படி கீதாம்?"

"நான் சொன்னாக் கேட்டாத்தானங்க? மழையில மலைக்குத் தூக்கிக்கினு போவாதீங்க, புள்ளைய என்கிட்ட வுட்டுட்டுப் போங்கன்னு சொன்னேன்."

"எந்தப் புள்ளைய?"

"ஆயாவத்தாங்க. என் பேத்தி. செத்துப்போன என் பொஞ்சாதி பேருதான அதுக்கு."

தைலம் பாட்டிலைத் தாண்டி மேசையில் வழிந்தது. சுப்புராயன் அதைப் பார்க்கவில்லை.

"எத்தினி வயசு?" என்று கேட்டார்.

"தை பொறந்தா ஒண்ணரைங்க."

எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். வீட்டுப் பெரியவள் செத்துப்போன பிறகு பெண் பிள்ளை பிறந்தால் அவள் பெயரை வைப்பார்கள். வைத்துவிட்டு அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். மாமியார் பெயரை மருமகள் எப்படி வாயால் சொல்வாள்? பெற்றவள் பெயரைச் சொல்லி மகன் எப்படி அதட்டுவான்? அதனால் தொட்டிலில் கிடக்கும்போதே அது 'ஆயா', அதாவது பாட்டி, ஆகிவிடும். இது எனக்குத் தெரியாததா? என் அக்கா மகளையே நாங்கள் அப்படித்தான் கூப்பிடுகிறோம். சுப்புராயனுக்கும் தெரியும். தெரிந்த இரண்டு பேரும்தான் காலையில் அங்கே நின்று சிரித்தோம்.

அவர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டரிடம் போனார். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். டாக்டர் ஏதோ சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். "ஒண்ணும் ஆவாது, தூங்கி எழுந்துக்கும், போன் பண்ணி நிறுத்தச் சொல்லுங்கன்னு சொல்றாரு" என்றார் சுப்புராயன் என்னிடம் வந்து. கலையரசன் நம்பரை மாயவன் நாலு தடவை போட்டுப் பார்த்தார். நாலு தடவையும் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மலையில் பாதி இடத்தில் டவர் கிடையாது.

"வண்டிய எடு வெங்கடேசு" என்றார் சுப்புராயன்.

மாயவனைக் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. இரண்டு ஆள் பாரத்தில் என் பழைய பைக் மலைப்பாதையில் முக்கியது. வளைவுக்கு வளைவு கியரை மாற்றிக்கொண்டு போனேன். பின்னால் அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். சாமியைக் கும்பிடுகிறார் என்று நினைத்தேன். காது கொடுத்துக் கேட்டபோது, மூன்று சிரப்பின் பெயரையும் அதில் எது எத்தனை மில்லி ஊற்றினார் என்பதையும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மறந்துவிடக் கூடாது என்ற பயம். பாட்டிலில் எதுவும் எழுதவில்லையே, அந்தக் கணக்கு அவர் தலைக்குள் மட்டும்தானே இருந்தது.

"இருமல அடக்கற மருந்து மூச்சையும் சேத்து அடக்கிடும் வெங்கடேசு. சின்னப் புள்ளைக்கு அது தாங்காது" என்றார் ஒரு வளைவில். நான் ஆக்சிலேட்டரை இன்னும் முறுக்கினேன்.

வெள்ளிமலைக்கு முன்னாலேயே பிரிகிற மண்ரோட்டில் கிழங்குக் காட்டை விசாரித்துக்கொண்டு போய்ச் சேர நாலரை மணி ஆகிவிட்டது. தார்ப்பாய் போட்ட கொட்டகை. வாசலில் ஷாலினி கிழங்கின் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்க ஏங்க இம்மாந்தூரம்? மருந்து நல்லாக் கேட்டுச்சுங்க. இருமலே இல்ல. மத்தியானத்துலேர்ந்து தூங்கறா."

சுப்புராயன் செருப்போடு உள்ளே நுழைந்தார். பழைய சேலையில் பிள்ளை சுருண்டு கிடந்தது. பக்கத்தில் பாட்டில். நான் அதை எடுத்துப் பார்த்தேன். இரண்டு பல் இறங்கியிருந்தது.

"ஒரு வாட்டி பாதி துப்பிட்டா. நீங்க சொன்னாப்பல அதட்டி மறுபடியும் குடுத்தேன்" என்றாள் ஷாலினி. "இப்ப சாயங்கால வேளைக்கு எழுப்பினேன். எழும்பல. தூங்கட்டும்னு வுட்டுட்டேன்."

அவர் பிள்ளையின் நெஞ்சில் கையை வைத்து, வாட்சைப் பார்த்துக்கொண்டு மூச்சை எண்ணினார். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் விழுந்த இடைவெளியைப் பார்த்து எனக்கே பயம் வந்தது. உதட்டு ஓரம் கறுத்திருந்தது. கன்னத்தைத் தட்டினார். தலை ஒரு பக்கமாகத் தொங்கியது.

"இது பெரியவங்க மருந்தும்மா. தப்பாக் குடுத்துட்டேன்" என்றார். அவளுக்கு அது உடனே புரியவில்லை. புரிந்தபோது அவள் கத்தவில்லை. கையில் இருந்த கிழங்கைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். கிழங்கு ஏற்றுவதற்காக ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றிருந்தது. கலையரசன் ஓடிப்போய் டிரைவரைப் பிடித்தான். பாதி ஏற்றிய மூட்டைகள் மேலேயே எல்லாரும் ஏறிக்கொண்டார்கள். நான் பைக்கில் பின்னாலேயே போனேன்.

மலையிலேயே இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இருந்தது எங்கள் நல்ல நேரம். சுபஸ்ரீ என்று சின்ன வயதுப் பெண். பிள்ளையைப் பார்த்ததும் மூக்கில் ஆக்சிஜன் குழாயை வைத்துக்கொண்டே, "என்ன மருந்து குடுத்தீங்க?" என்று கேட்டாள். கொட்டகையில் எடுத்த பாட்டிலை நான் நீட்டினேன். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தாள் பட்டையும் அதில் பல்லும்தான் இருந்தன.

"இதுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுங்க. நான்தான் கலந்தேன்" என்றார் சுப்புராயன்.

நான் அவர் சட்டையைப் பிடித்து லேசாக இழுத்தேன். ஒப்புக்கொள்கிறேன், அந்த நேரத்தில் எனக்குப் போலீஸ் ஞாபகம்தான் வந்தது. கடையில் வாங்கினார்கள் என்று சொல்லிவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள் என்று என் புத்தி போயிற்று. அவர் என் கையைத் தட்டிவிட்டு, மூன்று பெயரையும் அளவையும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்த அதே வரிசையில் ஒப்பித்தார். ஒரு பல்லுக்கு எத்தனை மில்லி, இரண்டு பல்லில் எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்பதையும் சொன்னார். டாக்டர் நர்ஸிடம் ஏதோ ஊசியின் பெயரைச் சொன்னாள். "தெரியாம இருந்திருந்தா இதைப் போட யோசிச்சிருப்பேன்" என்று சொல்லிக்கொண்டே அவளே ஊசியைப் போட்டாள். கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக 108-க்குச் சொன்னார்கள். வண்டி வருகிறவரை பிள்ளையைத் தூங்கவிடக் கூடாது, கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றாள் டாக்டர்.

நர்ஸ் சீட்டைப் பார்த்தாள். கலையரசன் எழுதிக் கொடுத்த பெயர் அதில் இருந்தது. "ஜெயம்மாள்... ஜெயம்மாள்... கண்ணைத் திறடா" என்று உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே கூப்பிட்டாள். டாக்டரும் கூப்பிட்டாள். பிள்ளை இமையைக்கூட அசைக்கவில்லை. "அம்மா, நீங்க கூப்பிடுங்க, பேரைச் சொல்லி சத்தமா" என்றாள். ஷாலினியின் வாய் திறந்தது, குரல் வரவில்லை. கலையரசன் சுவரோடு ஒட்டி நின்று அழுதுகொண்டிருந்தான்.

"அந்தப் பேரு அதுக்குத் தெரியாதுங்க" என்றார் சுப்புராயன்.

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரும் அந்தப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல." சொல்லிவிட்டு அவரே கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்தார். "ஆயா. ஆயா. இங்கப் பாரு ஆயா."

இரண்டாவது தடவையா மூன்றாவது தடவையா என்று தெரியவில்லை, இமை லேசாக நடுங்கியது. அவர் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். விரல்கள் மடங்கின. அப்புறம்தான் ஷாலினிக்குக் குரல் வந்தது. அவள் கூப்பிட்டாள், கலையரசன் கூப்பிட்டான், நர்ஸும் டாக்டரும் அதையே சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்தச் சின்ன அறையில் நாங்கள் ஆறு பேரும் ஒரு கைக்குழந்தையை ஆயா, ஆயா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஆம்புலன்ஸ் வந்ததும் சுப்புராயனும் அதில் ஏறிக்கொண்டார். மலை இறங்கி முடிகிற வரை அவர் கூப்பிடுவதை நிறுத்தவில்லை என்று ஷாலினி பிறகு சொன்னாள். கள்ளக்குறிச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருக்குத் தொண்டை கட்டிப் பேச்சே இல்லை.

ஐந்து நாள் கழித்துப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிழைத்துவிட்டது.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்கு எரிச்சலாக இருக்கிறது. அதிகாரிகள் வந்து மேசையையும் மூன்று பாட்டிலையும் பார்த்துவிட்டுப் போனார்கள். "அது நான் எழுதிக் கொடுத்த மருந்து இல்லை, அவராகக் கொடுத்தது" என்றார் டாக்டர். பொய் என்று சொல்ல முடியாது. இத்தனை வருடமாக அவராகக் கொடுத்த ஒவ்வொரு பாட்டிலும் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை. சுப்புராயன் தான் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். வேலை போயிற்று. வழக்கு நடக்கிறது, என்ன ஆகுமோ தெரியாது. சென்னையிலிருந்து மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது தினமும் காலையில் என் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். எதிரே பார்க்க மாட்டார். பட்டை வரைந்த அசல் தாள்களை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டார். ஒருநாள் நான் சமாதானம் சொல்லப் போனேன். "ஊரே அப்படிக் கூப்புடுதுங்க. நீங்க இன்னா பண்ணுவீங்க?" என்றேன்.

"பேரு மேல பழி போடாத" என்றார் கோபமாக. "ஆளப் பாக்கல. வயசு கேக்கல. கையி பாட்டுக்குக் கலந்துச்சு. அவ்ளோதான்."

பங்குனியில் ஒருநாள் காலை பதினொரு மணிக்கு ஷாலினி வந்தாள், இடுப்பில் பிள்ளையோடு. பிள்ளை நன்றாகத் தேறியிருந்தது. மூக்கில் சளி ஒழுகிக்கொண்டிருந்தது. கிளினிக்குக்குப் போகாமல் நேரே என் கடைக்குள் வந்து சுப்புராயன் முன்னால் நின்றாள்.

"மறுபடியும் சளி புடிச்சிக்கிச்சுங்க. நீங்க குடுத்தாக் கேக்கும்னு வந்தேன்."

சுப்புராயன் அவளையே பார்த்தார்.

"அன்னிக்கி அளவுதான ஜாஸ்தியாப் போச்சு? இந்த வாட்டி கம்மியாக் கலந்து குடுங்க. இருமல் அப்படியே நின்னுச்சுங்களே."

அவர் எழுந்தார், மறுபடியும் உட்கார்ந்தார். அவள் திட்டியிருந்தால், கையை ஓங்கியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். நம்பிக்கொண்டு வந்து நிற்கிறாளே, இதற்கு என்ன செய்வார்? அவர் கண் கலங்கிவிட்டது. பிறகு பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "இருமல் நின்னது நல்லது இல்லம்மா. மூச்சும் சேந்து நிக்கப் பாத்துச்சு. இத்தினூண்டு புள்ளைக்குச் சளிக்கு மருந்தே வேணாம். மூக்கத் தொடச்சி வுடு, நெறைய பால் குடு, கஞ்சி குடு. காய்ச்சல் அடிச்சாலோ, மூச்சு வாங்குனாலோ, நெஞ்சுக்குழி உள்ள போனாலோ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடு. யார்கிட்டயும் கலந்த மருந்து வாங்காத."

"சரிங்க" என்றாள். முகம் தொங்கிவிட்டது. மருந்து இல்லாமல் திரும்பிப் போவது அவளுக்கு வெறுங்கையோடு போவது மாதிரி இருந்திருக்கும். "கொஞ்சம் ஆயாவப் பாத்துக்குங்க, தோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

சோப்போ, பிஸ்கட்டோ வாங்கப் போகிறாள் என்று நினைத்தேன். நாலு கடை தள்ளி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மெடிக்கல் ஷாப்பின் முன்னால் போய் நின்றாள். பஸ் எதுவும் இல்லாத நேரம், தெரு அமைதியாக இருந்தது. அவள் குரல் எங்கள் கடை வரைக்கும் கேட்டது.

"ஆயாவுக்கு சளிங்க. நல்ல மருந்தா ஒண்ணு குடுங்க."

கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை. திரும்பி, பின்னால் இருந்த அலமாரிக்குக் கையை நீட்டினார்.

சுப்புராயன் பிள்ளையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு செருப்பில்லாமல் ரோட்டில் இறங்கி ஓடினார். ஐம்பத்தெட்டு வயது மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. மெடிக்கல் ஷாப்பின் கண்ணாடிப் பெட்டி மேல் பிள்ளையை நிற்கவைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கியது.

"இதாம்பா ஆயா" என்றார். "பாத்துக்க."